விடுமுறைச் சந்தாவும் விடுதலை உரிமையும்

சில தினங்களுக்கு முன் நமது காரியாலயத்துக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் உபாத்தியாயராக உழைத்து, 2014-ல் ஓய்வு பெற்றவர். அவர் கையில் ஒரு துணிப்பை. அதனுள் ரசீதுகளும், கடிதங்களும், கடைசியாக வந்த ஒரு கெடு நோட்டீஸும் இருந்தன. ஓய்வு பெற்ற அவ்வருஷமே, மலைவாசஸ்தலங்களில் விடுதிகள் நடத்தும் ஒரு கம்பெனியில் 25 வருஷத்துக்கு அங்கத்தினராகச் சேர்ந்து, தமது சேமிப்பிலிருந்து ரூ. 3,20,000 செலுத்தியிருக்கிறார். வருஷத்துக்கு ஏழு நாள் குடும்பத்துடன் சென்று தங்கலாம் என்பது ஏற்பாடு. மூன்று தடவை தம்பதிகள் போய் வந்தார்கள். பிறகு மனைவியார் நோய்வாய்ப்பட்டுக் காலமானார். தனியே மலையேறிச் சென்று தங்க இப்பொழுது அவருக்குத் தேகபலமும் இல்லை, மனமும் இல்லை. ஆனால் பராமரிப்புக் கட்டணத்துக்கான பில் மட்டும் வருஷந்தோறும் தவறாமல் வந்து சேருகிறது. முதல் வருஷம் ரூ. 9,000-ஆக இருந்த அக்கட்டணம் இன்று வரியுடன் ரூ. 19,000-ஐத் தாண்டிவிட்டது. ஒப்பந்தம் முடிவது 2039-ல். அப்பொழுது அவருக்கு வயது 83.

“கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை, ஐயா. என்னை விட்டுவிட்டால் போதும் என்றுதான் கேட்கிறேன். அதற்கு ஷரத்து இல்லை என்று பதில் எழுதுகிறார்கள்” என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியமே இன்று நம்மை எழுதத் தூண்டியது. வாங்கின பொருளை வேண்டாம் என்று எறிந்துவிடும் சுதந்திரம் கூட ஒரு மனிதனுக்கு இல்லையென்றால், அவன் வாங்கினது பொருளா, அல்லது விலங்கா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

டைம்ஷேர் என்று வழங்கும் இவ்வியாபாரம் 1960-களில் ஐரோப்பாவில் தோன்றியது. ஓர் அறையை வருஷத்தின் 52 வாரங்களாகக் கூறுபோட்டு, ஒவ்வொரு வாரத்தையும் ஒவ்வொருவருக்கு விற்பதே இதன் மூலதத்துவம். நம் நாட்டில் 1980-களின் மத்தியில் இது வேரூன்றியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1986-ல் ஏற்பட்ட ஒரு கம்பெனியே கொடைக்கானலில் விடுதி அமைத்து இதைத் தமிழ்நாட்டாருக்கு அறிமுகப்படுத்தியது. சொந்தமாக மலைமேல் பங்களா கட்ட வசதியில்லாத நடுத்தர வகுப்பார், ஒரு வாரத்துக்காவது அந்தச் சுகத்தை அனுபவிக்கலாமே என்ற எண்ணம் குற்றமானதல்ல. ஆனால் ஒரு விஷயத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். இங்கு விற்கப்படுவதில் பெரும்பாலும் மண்ணுரிமையும் இல்லை, கட்டிட உரிமையும் இல்லை. குறித்த காலம் வரை உபயோகிக்கும் உரிமை மட்டுமே உண்டு. அந்த உரிமையும், அறை காலியாக இருந்தால்தான். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அறை கேட்டால் இல்லை என்றும், மழைக்காலத்தில் கேட்டால் தாராளமாக உண்டு என்றும் பதில் வருவதாக அங்கத்தினர்கள் குறைகூறுவதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம்.

உரிமை இப்படி நிபந்தனைகளுக்கு உட்பட்டிருக்க, கட்டணம் மட்டும் எந்த நிபந்தனைக்கும் உட்படாமல் நிற்கிறது. போனாலும் கட்ட வேண்டும். போகாவிட்டாலும் கட்ட வேண்டும். அறை கிடைக்காத வருஷத்துக்கும் கட்ட வேண்டும். எவ்வளவு உயரும் என்பதை நிர்ணயிப்பது கம்பெனி. ஏன் உயர்ந்தது என்று கணக்குக் கேட்க அங்கத்தினருக்குப் பெரும்பாலும் வழியில்லை. கட்டாவிட்டால் தங்கும் உரிமை நிறுத்தப்படும். பாக்கியும் வட்டியும் ஏறிக்கொண்டே போகும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்ற பழமொழி நம்மிடம் உண்டு. இங்கோ யானை வேறொருவர் கொட்டாரத்தில் நிற்கிறது. தீனிச் செலவு மட்டும் நம் தலையில் விழுகிறது!

இவ்வளவும் தெரிந்தா கையெழுத்துப் போட்டார்கள் என்று சிலர் கேட்கலாம். கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பெரிய கடைவீதியிலோ, பெட்ரோல் பங்கிலோ ஒரு சீட்டில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதி வாங்கப்படும். சில நாளில், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, மனைவியுடன் வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று அழைப்பு வரும். குளிர்ச்சியான ஓட்டல் மண்டபத்தில் சித்திரங்கள் காட்டப்படும். ஒருவர் பேசி முடித்தால் இன்னொருவர் வருவார். அவர் ஓய்ந்தால் மானேஜர் வருவார். இந்த விலை இன்று மட்டும்தான், நாளைக்கு இல்லை என்பார்கள். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லுகிறோம் என்றால், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர்கள் காதில் வாங்க மாட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்து, களைப்பினாலும் கூச்சத்தினாலும் தம்பதிகள் கிரெடிட் கார்டை நீட்டுகிறார்கள். பொடி எழுத்தில் இங்கிலீஷில் அச்சிட்ட பல பக்கங்களின் கீழ்க் கையெழுத்தாகிறது. இதைச் சுயேச்சையான சம்மதம் என்று எந்த நியாயவான் ஒப்புக்கொள்வான்?

நமது சட்டமும் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், சம்மதம் சுயேச்சையானதாக இருக்க வேண்டும் என்று 14-வது பிரிவில் கூறுகிறது. தகாத செல்வாக்கு, மோசடி, பொய்யான கூற்று ஆகியவற்றால் பெற்ற சம்மதத்தை, ஏமாந்த கட்சிக்காரர் ரத்து செய்துகொள்ளலாம் என்று அடுத்த பிரிவுகள் சொல்லுகின்றன. 1986-ல் பிரஜோநாத் கங்கூலி வழக்கில், சம பலம் இல்லாத இருவருக்கிடையே ஏற்பட்ட அநியாயமான ஒப்பந்தத்தை நியாயஸ்தலம் அமுல் நடத்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அது ஓர் உத்தியோகஸ்தரின் வேலை பற்றிய வழக்கு. 2019 ஏப்ரலில், வீடு வாங்கின ஒருவரின் வழக்கில், ஒருதலைப்பட்சமான ஷரத்துகளை ஒப்பந்தத்தில் புகுத்துவதே நியாயமற்ற வியாபார முறையாகும் என்று அதே கோர்ட்டு கூறியது. அவ்வருஷமே இயற்றப்பட்டு 2020 ஜூலையில் அமுலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்குத் தனியாக இலக்கணமே வகுத்திருக்கிறது. நியாயமில்லாத கட்டணத்தையோ கடமையையோ சுமத்தி நுகர்வோரைப் பாதகமான நிலையில் வைப்பதும் அவ்விலக்கணத்தில் அடங்கும்.

ஆகவே தத்துவத்தில் குறையில்லை. குறை எங்கே இருக்கிறது? ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்காடித்தான் அந்தத் தத்துவத்தின் பயனைப் பெற வேண்டும் என்பதில் இருக்கிறது. அதிலும் ஒரு விசித்திரம் பாருங்கள். சேவைக் குறைவு என்று முறையிட்டால் ஜில்லா நுகர்வோர் கமிஷன் விசாரிக்கலாம். ஒப்பந்தமே நியாயமற்றது, அதைச் செல்லாததாக்குக என்று முறையிட வேண்டுமானால், சட்டம் அவ்வதிகாரத்தை மாநிலக் கமிஷனுக்கும் தேசியக் கமிஷனுக்குமே கொடுத்திருக்கிறது. தொலைவிலுள்ள ஜில்லாவில் வசிக்கும் எழுபது வயதுப் பெரியவர், வருஷத்துக்கு ரூ. 19,000 மிச்சப்படுத்த அவ்வளவு தூரம் அலைவாரா, அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு பணத்தைக் கட்டுவாரா? கட்டிவிடுவார் என்பதே இவ்வியாபாரத்தின் ஆதாரமான நம்பிக்கை.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் என்ன செய்தன என்று பார்ப்போம். பிரிட்டன் 1992-லேயே தனிச் சட்டம் இயற்றி, கையெழுத்திட்டவருக்கு 14 நாள் மறுயோசனைக் காலம் அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-ல் ஓர் உத்தரவும், அதை வலுப்படுத்தி 2008-ல் மற்றோர் உத்தரவும் பிறப்பித்தது. பின்னதன்படி, 14 நாளுக்குள் காரணம் ஒன்றும் கூறாமல் ஒப்பந்தத்தை உதறிவிடலாம்; அதற்குரிய பாரத்தை விற்பவரே கொடுக்க வேண்டும்; அந்த நாட்களில் முன்பணமாக ஒரு காசும் வாங்கக் கூடாது; ஒப்பந்தம் வாங்குபவரின் பாஷையில் இருக்க வேண்டும். தள்ளுபடி விலையில் தங்கும் வசதி தருவதாகச் சொல்லி நீண்ட காலத்துக்கு விற்கப்படும் விடுமுறைச் சந்தாக்களில், இரண்டாவது வருஷத் தவணையிலிருந்து ஒவ்வொரு தவணையின்போதும் அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். ஸ்பெயின் தேசம் 1998-ல் இயற்றிய சட்டம் இவ்வொப்பந்தங்களுக்கு 50 வருஷம் என்று உச்சவரம்பு விதித்தது. அதன் பிறகும் கானரித் தீவுகளில் காலவரையறையின்றி விற்கப்பட்ட ஓர் ஒப்பந்தத்தை அத்தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு 2015 ஜனவரியில் செல்லாதென்று தள்ளியது. அதைத் தொடர்ந்து அதே மாதிரியான ஒப்பந்தங்கள் பல ரத்தாயின. வியாபார சுதந்திரத்துக்குப் பேர்போன அமெரிக்காவிலும், பிளாரிடா ராஜ்யச் சட்டம் 10 நாள் அவகாசம் தருகிறது. வாங்குபவரே அதை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்தாலும் அவ்வெழுத்து செல்லாது.

நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. சில கம்பெனிகள் தாமாகவே சில நாள் அவகாசம் கொடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் கம்பெனியின் தயவு வேறு, பிரஜையின் உரிமை வேறு. இன்ஷூரன்ஸ் பாலிஸி வாங்குபவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு என்று 2024-ல் விதி செய்யப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் சந்தா சேர்த்துவிட்டு, விலகும் வழியைச் சிக்கலாக்கி மறைத்துவைப்பது ‘சந்தாக் கண்ணி’ என்று 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. திரையில் செய்தால் குற்றமாகும் காரியம், காகிதத்தில் செய்தால் மட்டும் கண்ணியமான வியாபாரமாகிவிடுமா? ஒரு மாதச் சந்தாவுக்கு உள்ள காப்பு, 25 வருஷச் சந்தாவுக்கு இல்லையென்பது என்ன நியாயம்?

கம்பெனிக்காரர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. விடுதிகளைப் பராமரிக்கப் பணம் வேண்டும். நினைத்தவர்கள் நினைத்தபோது விலகினால், மிஞ்சியவர்கள் தலையில் முழுச் செலவும் விழும் என்கிறார்கள். இவ்வேற்பாட்டினால் திருப்தியடைந்து, வருஷந்தோறும் குழந்தைகளுடன் போய்வரும் குடும்பங்கள் இருப்பதையும் நாம் மறுக்கவில்லை. இவ்வியாபாரத்தையே ஒழித்துவிட வேண்டும் என்பது நமது கட்சியல்ல. ஆனால், ஒருவர் விட்டுச்செல்லும் ஏழு நாட்களைக் கம்பெனி மறுபடியும் புதியவருக்கு விற்கலாமே! விற்க முடியவில்லையென்றால், அதன் உண்மையான விலை என்ன என்பது அதிலிருந்தே விளங்கவில்லையா? வேண்டாதவர்களைக் கட்டிவைத்துத்தான் ஒரு வியாபாரம் நிற்க வேண்டுமானால், அது நிற்பதில் யாருக்கு லாபம்?

சட்டம் வரும்வரை அகப்பட்டுக்கொண்டவர்கள் என்ன செய்வது? வக்கீல் தொழில் பயின்றவர்கள் என்ற முறையில் சில யோசனைகள் கூறுகிறோம். கையெழுத்திட்டுச் சில நாட்களே ஆகியிருந்தால், ஒப்பந்தத்தில் ரத்து செய்வதற்கான கெடு உண்டா என்று இன்றிரவே படித்துப் பாருங்கள்; இருந்தால், ஒரு நாளும் தாமதியாமல் எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். டெலிபோனில் சொன்னது காற்றோடு போகும். ஈமெயிலும், ஒப்புகையுடன் அனுப்பிய ஸ்பீட் போஸ்டுமே சாட்சி சொல்லும். கெடு கடந்திருந்தால், விற்கும்போது கொடுத்த விளம்பரங்கள், அனுப்பிய செய்திகள், அறை கேட்டு மறுக்கப்பட்ட விவரங்கள் யாவற்றையும் தேதிவாரியாகத் தொகுத்து, அங்கத்தினர் பதவியை ஒப்படைப்பதாகவும் இனிக் கட்டணத்துக்குப் பொறுப்பல்லவென்றும் காரணம் காட்டி நோட்டீஸ் கொடுங்கள். ஒன்றும் எழுதாமல் கட்டணத்தை மட்டும் நிறுத்துவது விவேகமல்ல; அது உங்களைப் பாக்கிதாரராகக் காட்டும். கிரயப் பணத்தைக் கடனாக வாங்கித் தவணை கட்டிவருபவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்தக் கடன் வேறு, பராமரிப்புக் கட்டணம் வேறு. கடன் தவணை தவறினால் உங்கள் நாணயத்துக்கே பங்கம் நேரும்.

நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலும் பயனில்லையேல் ஜில்லா கமிஷனில் மனு கொடுக்கலாம். உங்கள் ஊர் எந்த ஜில்லாவில் உள்ளதோ அங்கேயே கொடுக்கலாம். வழக்கு எங்கள் தலைமையிடத்தில்தான் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கொடுத்த விலை ரூ. 5 லட்சம் வரையானால் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. தகராறுகளை மத்தியஸ்தருக்கே விட வேண்டும் என்ற ஷரத்து இருந்தாலும், அது நுகர்வோர் கமிஷனுக்குப் போவதைத் தடுக்காது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 டிசம்பரில் முடிவு கூறியிருக்கிறது. வழக்கு மூலம் எழுந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். நமக்குப் பின் பிள்ளைகள் தலையில் இது விழுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இறந்தவரின் கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தே பொறுப்பு, பிள்ளைகளின் சொந்தச் சம்பாத்தியம் அல்ல.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். முதல் வலையில் விழுந்தவர்களைத் தேடி இரண்டாவது வேடன் வருகிறான். உங்கள் சந்தாவை வாங்க ஆள் தயாராக இருக்கிறார், பதிவுக் கட்டணத்தையும் வரியையும் மட்டும் முன்னால் அனுப்புங்கள் என்று டெலிபோன் வரும். ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துத் தருகிறோம், கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துங்கள் என்று மற்றொரு குரல் சொல்லும். இத்தகைய ஒரு கூட்டம், பெரும்பாலும் முதியவர்களாக உள்ளவர்களிடமிருந்து 9 கோடி டாலருக்கு மேல் பறித்ததென்று, அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனும் விஸ்கான்ஸின் ராஜ்யமும் 2022 நவம்பரில் வழக்குத் தொடுத்தன. முன்பணம் கேட்கும் மீட்பரை நம்பாதீர்கள்.

சர்க்காரை நாம் கேட்பது ஐந்தே விஷயங்கள். முதலாவது, 14 நாள் மறுயோசனைக் காலமும், அதுவரை பணம் வாங்கத் தடையும் சட்டமாக வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தம் வாங்குபவரின் தாய்பாஷையில் இருக்க வேண்டும். மூன்றாவது, சில வருஷங்கள் கழிந்த பின், ஆறு மாத நோட்டீஸ் கொடுத்து எவரும் விலகலாம், விலகிய நாளுக்குப் பின் கட்டணம் கேட்கலாகாது என்று விதி செய்ய வேண்டும். நான்காவது, பராமரிப்புக் கட்டணத்தின் உயர்வுக்கு வரம்பு விதித்து, அதன் வரவு செலவுக் கணக்கை அங்கத்தினர்களுக்குக் காட்டும்படி செய்ய வேண்டும். ஐந்தாவது, நியாயமற்ற ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கும் அதிகாரத்தை ஜில்லா கமிஷன்களுக்கும் அளிக்க வேண்டும். இவற்றில் புரட்சிகரமானது ஒன்றும் இல்லை.

பொது வேலையில் ஈடுபட்டுள்ள நண்பர்கள், இது வசதி படைத்தவர்களின் உல்லாசச் சங்கடம், நமக்கென்ன என்று எண்ணிவிடக் கூடாது. பென்ஷன் பணத்தை இழந்த உபாத்தியாயரும், பட்டாளத்திலிருந்து திரும்பியவரும், முதல் சம்பளத்தில் பெற்றோருக்குச் சந்தோஷம் தர நினைத்த வாலிபரும் இதில் அகப்பட்டிருக்கிறார்கள். ஊர்தோறும் உள்ள சங்கங்களும் வாசகசாலைகளும் இத்தகையோரை ஒன்று சேர்த்து, நோட்டீஸ் எழுதவும் மனு தயாரிக்கவும் உதவ வேண்டும். தங்கள் தொகுதிப் பார்லிமெண்டு அங்கத்தினரிடம் இந்த ஐந்து கோரிக்கைகளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தனித்தனியே கேட்டபோது ஷரத்து இல்லை என்று பதில் சொன்னவர்கள், நூறு பேர் சேர்ந்து கேட்டால் ஷரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

நம்மிடம் வந்த பெரியவர், தம் நோட்டீஸை நமது மேஜையிலேயே எழுதிக் கையெழுத்திட்டார். 2014-ல் போட்ட கையெழுத்தை விட இது நிதானமாக இருந்தது. ஒவ்வொரு வரியையும் அவர் படித்த பிறகே இம்முறை கையெழுத்திட்டார். ஒப்பந்தத்தில் சேருவதற்கு ஒரு கையெழுத்து போதுமானால், அதிலிருந்து விலகுவதற்கும் ஒரு கையெழுத்து போதுமானதாக இருக்க வேண்டும். அவர் கேட்பதும் அவ்வளவே. சட்டம் தர வேண்டியதும் அவ்வளவே.